அடுப்பு தடுமாறினால் மூட்டையைப் பாருங்கள்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் கிரில் சிக்கன் கடையோ டிபன் கடையோ நடத்துபவர் சிலிண்டர் செலவுக்கு அஞ்சிப் மரத்தூளையோ உமியையோ அழுத்திச் செய்த பெல்லட்டை எரிக்கும் அடுப்புக்கு மாற நினைத்தால், எந்த அடுப்பு நல்லது என்றுதான் முதலில் விசாரிப்பார். என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. சூடு ஒரு நேரம் சீறுவதற்கும் மறுநேரம் படுத்துக்கொள்வதற்கும் காரணம் பெரும்பாலும் எரிபொருளின் ஈரமும் சாம்பலும்தான். ஆகவே எதை எரிப்பது, அதை எங்கே அடுக்கி வைப்பது என்று முடிவு செய்துவிட்டு அடுப்பைத் தேடுங்கள்.

விறகு மலிவு, பெல்லட் கிலோவுக்குக் கூடுதல் விலை என்பார்கள். எடையை விட்டுவிட்டுச் சூட்டை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஈரமே இல்லாத மரம் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி தரும். அதே மரத்தில் 40 சதவீதம் ஈரமிருந்தால், எரியும் பங்கு குறைவதோடு அந்த நீரை ஆவியாக்கவும் சூடு போய், கைக்கு வருவது ஏறத்தாழ 2,450. பத்து சதவீதத்துக்குள் ஈரமுள்ள மரத்தூள் பெல்லட்டில் கிட்டத்தட்ட 4,000 கிடைக்கும். பச்சை வேலிகாத்தானை வாங்குபவர் பாதி காசைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். பிளந்து, நிழலில் மாதக்கணக்கில் உலர்ந்த சவுக்கு என்றால் கதை வேறு. அதற்கு இடமிருந்தால் விறகே லாபம்.

பெல்லட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. நெல் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 25 கிலோ மூட்டை எரிந்தால் ஐந்து கிலோ சாம்பல் தட்டில் தங்கி, காற்றுத் துளைகளை அடைக்கும்; தீ மங்கும்; கிளறிவிட்டதும் திடீரென எழும். மரத்தூளில் அரைக் கிலோகூட வராது. மல்லாட்டைத் தோல் பெல்லட் சூட்டில் குறைந்ததில்லை, ஆனால் மண்ணுக்குள் விளைவதால் ஒட்டியிருக்கும் மணல் சாம்பலோடு சேர்ந்து உருகிக் கட்டியாகப் பிடிக்கும். கிரில்லுக்கு மரத்தூளையே எடுங்கள். பெரிய அண்டாவில் சோறு வடிப்பவருக்கு உமி போதும், அடிக்கடி சாம்பல் தட்டச் சலிக்காதவராக இருந்தால். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: பட்டென முறிய வேண்டும். மூட்டையடியில் தூள் மண்டியிருந்தால் வேண்டாம்.

தானாக ஊட்டும், தானாகச் சூட்டைப் பார்க்கும் கருவி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். 1980களில் அமெரிக்காவில் வந்த பெல்லட் கிரில்லில் திருகு எரிபொருளைத் தள்ளும், மின்விசிறி காற்றூதும், இன்றைய வகைகளில் உணரி சூட்டை அளக்கும். ஆனால் சூடு குறைந்த பிறகுதான் உணரிக்குத் தெரியும். அதற்குப் பின் திருகு தள்ளும் பெல்லட் பற்றிக்கொள்ள இன்னும் நேரமாகும். அதனால் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது அந்தக் கருவியின் இயல்பு. கோழிக்கு அதனால் கெடுதியில்லை. ஈரப் பெல்லட் விழுந்தால் கருவி மேலும் மேலும் தள்ளும். குவிந்தது ஒரே நேரத்தில் பற்றும்போது ஐம்பது டிகிரி எகிறும். மூடியை அடிக்கடி திறப்பதும் இதே ஆட்டத்தைக் கிளப்பும். பரோட்டாக் கல் போன்ற கனமான இரும்பு இந்த ஏற்றத்தாழ்வைத் தானே விழுங்கிவிடும் என்பதால், பரோட்டாக் கடைக்கு விலையுயர்ந்த கருவி வீண்.

கல்வராயன் மலையில் என் பரிந்துரை மாறுகிறது. வெள்ளிமலைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரக்காற்றே பெல்லட்டை உப்பவைத்துத் தூளாக்கும். கரண்ட் போனால் விசிறி நின்று கடை முழுக்கப் புகை. விசிறிக்குச் சிறு பேட்டரி போதும் என்பது சரிதான், ஆனால் பேட்டரி மூட்டையைக் காயவைக்காது. பெல்லட்டை மூடி போட்ட டிரம்மில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க முடியாதவர்கள் பட்டா நிலத்து விறகைக் கூரையடியில் உலர்த்திப் புகைபோக்கி அடுப்பில் எரிக்கட்டும். கிரில்லுக்கு மட்டும் கொட்டாங்குச்சிக் கரி வாங்கலாம். புகையும் வாயு முன்பே வெளியேறிவிட்டதால் அது சீராகக் கனலும். ஆனால் கதவடைத்த அறையில் அதன் நச்சுவாயு உயிரைப் பறிக்கும், திறந்த இடத்தில்தான் மூட்ட வேண்டும்.