ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்திருந்தது யார்?

நம்பிக்கை: ரோமப் பேரரசுக்கு அஞ்சிய ஆதிக் கிறிஸ்தவர்கள் இந்தச் சுரங்கங்களில் பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

யாரும் வாழவில்லை. நகர எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமச் சட்டம். அதனால்தான் ஆப்பியா, சலாரியா போன்ற நெடுஞ்சாலைகளை ஒட்டி ஊருக்கு வெளியே கல்லறைகள் அமைந்தன. அங்குள்ள டூஃபா என்னும் எரிமலைப் பாறை வெட்டுவதற்கு இலகு. காற்றுப் பட்டால் இறுகிவிடும். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதைக் குடைந்து, சுவரில் அடுக்கடுக்காக மாடங்கள் வெட்டி உடல்களைக் கிடத்தினார்கள். யூதர்களுக்கும் இத்தகைய கல்லறைகள் உண்டு. அரசுக்கும் இவை நன்றாகவே தெரியும். 257இல் பேரரசர் வலேரியன், கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைகளுக்குள் நுழையவே தடை போட்டார். தடையை மீறி அங்கே கூடியிருந்தபோதுதான் மறு ஆண்டு திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஒளிய நினைக்கிறவர் அரசு கண்வைத்திருக்கும் இடத்துக்கா போவார்?

நம்பிக்கை: அங்குள்ள ஓவியங்கள் அச்சத்தில் பிறந்தவை, வேதனையையும் மரணத்தையும் சொல்பவை.

இதைத்தான் முக்கியமாகத் திருத்த வேண்டும். ஓவியங்களைப் பார்க்காமலேயே பலர் பேசுகிறார்கள். இயேசு சிலுவையில் தொங்கும் காட்சியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வெள்ளைச் சுண்ணப்பூச்சில் மெல்லிய சிவப்பு, பச்சைக் கோடுகள். நடுவே ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்லாயன். கடல் விலங்கு கக்கிவிட்ட யோனா, சுரைப்பந்தலின் கீழே ஆடையின்றிச் சாய்ந்து ஓய்வெடுக்கிறார். கிரேக்கக் கதையில் உறங்கும் எண்டிமியோனின் அதே சாயல். துணி சுற்றிய லாசர் கல்லறை வாசலில் நிற்க, தாடியில்லாத இளைஞராக இயேசு ஒரு கோலை நீட்டுகிறார். சிங்கங்களிடையே தானியேல், சூளைக்குள் மூன்று இளைஞர்கள், பேழையில் நோவா. எல்லோருமே சாவின் வாயிலிருந்து மீட்கப்பட்டவர்கள். பிள்ளையைப் புதைக்க வந்த தாய்க்கு வேண்டியது அந்த ஆறுதல்தானே!

தவிர, இந்த ஓவியங்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்த 313ஆம் ஆண்டுக்குப் பிறகு வரையப்பட்டது. 1955இல் வெளிப்பட்ட லத்தீனா சாலைக் கல்லறையில் விவிலியக் காட்சிகளோடு ஹெர்குலிஸும் இருக்கிறார். தொமித்தில்லா கல்லறையில் படிந்திருந்த கரும்படலத்தை லேசர் கொண்டு அகற்றி, 2017இல் ஓர் அறையைக் காட்டினார்கள். விதானத்தில் கிறிஸ்து; சுவரிலோ தானிய வணிகக் காட்சிகள். ரொட்டித் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் பிழைப்பைக் கல்லறைச் சுவரில் வெளிப்படையாகவே வரைய வைத்திருக்கிறார்கள்.