பத்து வாரத்தில் எவ்வளவு முடிக்கலாம்?

கேள்வி: மகள் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறாள். வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு தவணைக்குத் திட்டம் போடுகிறேன். எவ்வளவு முடிக்கலாம்?
– வாசகி, ஆங் மோ கியோ

பதில்: எவ்வளவு முடிக்கலாம் என்பதைவிட எதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்று யோசியுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பல பிள்ளைகளின் காதில் தமிழ் போதுமான அளவு விழுவதில்லை. காதில் விழாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் பிடிபடாது. அதனால் ஒரு தவணையின் பத்து வாரத்துக்கு மூன்று களங்கள் போதும்: சந்தை, சமையலறை, பேருந்து. தேக்கா சந்தையில் முதல் வாரம் "வெண்டைக்காய்" என்று மட்டும் சொல்பவள், மூன்றாம் வாரம் "பிஞ்சு வெண்டைக்காயா பார்த்து எடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லட்டும். பிறகு அதே சொற்களை வாசிக்கவும் எழுதவும் வையுங்கள்.

247 எழுத்துகளை எப்போது முடிப்பது என்பீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டு, குறியீடுகள் சேரும் முறையும் புரிந்துவிட்டால் பெரும்பகுதி தானாக வரும். தேர்வுப் பயமும் இப்போதைக்கு வேண்டாம். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019இலேயே நீக்கிவிட்டது. முன்னேற்றத்தை எப்படி அறிவது? வாரம் ஒருமுறை அவள் பேசுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்யுங்கள். ஐந்தாம் வாரப் பதிவில் வாக்கியம் நீளவில்லையென்றால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு, ஆங் மோ கியோ நூலகத்திலிருந்து ஒரே கதைப்புத்தகத்தை எடுத்து வந்து தினமும் வாசித்துக் காட்டுங்கள்.