படபடப்பா? பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்!



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, உறுப்பினர் ஒருவரின் மகள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டாள். வயது 19. "அக்கா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது. நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போற மாதிரி இருக்கு. டெஸ்ட் எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். அம்மாதான் வேண்டாங்கறாங்க" என்றாள்.

அம்மாவிடம் பேசினோம். "இதய நோய்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றார். பேச்சோடு பேச்சாக, தன் தம்பி 32 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனதையும் சொன்னார். அதைக் கேட்டதும், "இனி தள்ளிப்போடக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்?

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். பயம், தூக்கமின்மை, அதிக டீ, காபி, ரத்தசோகை, தைராய்டு கோளாறு இவற்றாலும் படபடப்பு வரும். இளவயதில் பெரும்பாலும் ஆபத்து இருக்காது. ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தாலோ, ரத்த உறவில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள்?

* இ.சி.ஜி.: சில நிமிடம்தான், வலிக்காது. அந்த நேரத்துத் துடிப்பை மட்டுமே காட்டும்.
* ஹோல்டர்: சிறு கருவியை உடம்பில் மாட்டி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்வார்கள். வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம்.
* எக்கோ: இதயத்தின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன்.
* ரத்தப் பரிசோதனை: பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை.

அம்மாவும் மகளும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தார்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தது. அதோடு திரும்பியிருப்பார்கள். மகள்தான் தைரியமாக, மாமா இறந்ததைச் சொன்னாள். உடனே டாக்டர் எக்கோவும் ஹோல்டரும் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8 கிராம்தான். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று. எக்கோ நன்றாக இருக்கிறது. ஹோல்டர் முடிவு இன்னும் வரவில்லை.

"தெரியாம பயந்துக்கிட்டு கிடக்கறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டு வைத்தியம் பாக்கலாம்" என்கிறார் அம்மா இப்போது. மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

குழுவில் பேசுங்கள்:

1. நம் வீட்டுப் பிள்ளைகள் உடம்புக்கு முடியவில்லை என்றால் நம்மிடம் தயங்காமல் சொல்கிறார்களா?
2. "கல்யாணம் தட்டிப்போகும்" என்று எந்த வைத்தியத்தையாவது தள்ளிப்போட்டிருக்கிறோமா?

நினைவில் வையுங்கள்: படபடப்போடு மயங்கி விழுந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!