தேர் வடமும் பத்து ரூபாய் விண்ணப்பமும்



ஆடி பிறந்துவிட்டால் அரியாங்குப்பம் பக்கம் பேச்செல்லாம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பற்றித்தான். எங்கள் நோணாங்குப்பத்துக்கு அது அக்கம்பக்கத்து ஊர்த் திருவிழா. புதுச்சேரி முழுமைக்கும் பார்த்தால் ஏறக்குறைய அரசு விழா. ஆடி ஐந்தாம் வெள்ளியன்று உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்கள். "பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கவர்னர் துரை வந்து வடம் பிடிப்பாரு" என்று பெரியவங்க சொல்றாங்க.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. கொடி மாறியது, மொழி மாறியது, சட்டம் மாறியது. கவர்னர் வடம் பிடிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு ஆளுநர் வருகிறார் என்றால் சும்மா வரமாட்டார். அழைப்புக் கடிதம், பயணத் திட்டம், பந்தோபஸ்து உத்தரவு, விடுமுறை ஆணை என்று எத்தனையோ காகிதம் அதற்குப் பின்னால் இருக்கும். அந்தக் காகிதங்களை நாம் பார்க்கலாமா?

பார்க்கலாம் தோழர்களே! எப்படி என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசுக் காகிதத்தைக் குடிமக்கள் பார்க்கலாம் என்ற சட்டம் உலகில் முதன்முதலாக 1766-ல் ஸ்வீடன் நாட்டில் வந்தது. நம் நாட்டில் 1990-களில் ராஜஸ்தான் கிராமத்து ஏழைத் தொழிலாளிகள், "எங்க கூலிக் கணக்கைக் காட்டுங்க" என்று போராடினார்கள். மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997-ல் சட்டம் போட்டது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது.

இதில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை சிலதான்.

1. குடிமகன் யாரும் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம்.
2. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை (பிரிவு 6(2)).
3. கட்டணம் 10 ரூபாய். ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கலாம், தபாலில் என்றால் போஸ்டல் ஆர்டர் வைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.
4. நகல் மட்டுமல்ல, நேரில் போய்க் கோப்பைப் புரட்டியும் பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம்.
5. 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு அனுப்பவேண்டும்.
6. பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அது டில்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும்.
7. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடிக்கும் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

'ஏன்' என்று கேட்காதே, 'எது' என்று கேள்!

பலர் சறுக்கும் இடம் இதுதான். "கவர்னர் ஏன் வடம் பிடிக்கிறார்?" என்று எழுதினால், "இது தகவல் அல்ல, விளக்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. கோப்பில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாததைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. (அதே தீர்ப்பில்தான், மாணவர் திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். நமக்கு மிகவும் வேண்டிய விஷயம்!)

ஆகவே கேள்வியைக் காகிதத்தின் பெயரால் கேட்கவேண்டும். மாதிரிக்கு:

"வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை அளித்து வெளியிட்ட ஆணைகளில், தங்களிடம் உள்ள மிகப் பழைய ஆணையின் நகலும், கடந்த 5 ஆண்டு ஆணைகளின் நகலும் தேவை."

"தேரோட்டத்தைத் தொடங்கி வைக்க ஆளுநரை அழைத்த கடிதங்கள் அடங்கிய கோப்பை நேரில் பார்வையிட நாள் குறித்துத் தரவும்."

எந்த அலுவலகம்? கோயில் நிர்வாகம் பற்றியதென்றால் இந்து சமய நிறுவனங்கள் துறை. புதுச்சேரியில் இதற்கென 1972-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சாலை, குடிநீர், துப்புரவுக்கு அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து. பந்தோபஸ்துக்குக் காவல் துறை.

இன்னொரு சுவையான கேள்வியும் இருக்கிறது. ஆடிக்கு 31 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வெள்ளி வரவேண்டுமென்றால் முதல் வெள்ளி ஆடி 1, 2, 3 தேதிகளுக்குள் விழவேண்டும். 4-ல் விழுந்தால் ஐந்தாம் வெள்ளி ஆவணி 1-க்குப் போய்விடும். 2023-ல் ஆடியில் நான்கு வெள்ளிதான். ஐந்தாவது வெள்ளியான ஆகஸ்ட் 18 ஆவணியில் வந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளின் விடுமுறை ஆணைகளை மட்டும் வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். வழக்கம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது தானே விளங்கும்.

பிரெஞ்சுக் காலத்துக் காகிதம்

1954-க்கு முந்திய கதைக்கு விண்ணப்பம் முதல் வழியல்ல. லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் இருக்கிறது. பழைய ஆவணங்களை ஆராய்ச்சிக்காகப் பார்க்க அங்கே தனி நடைமுறை உண்டு. காலனிக் காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி பிரான்சில் எக்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கிறது. காகிதமெல்லாம் பிரெஞ்சு மொழியில் இருக்கும். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவங்க இருக்கும்போதே உட்கார்ந்து படிக்கக் கேட்டுக்கொள்ளணும்.

டிப்ளமா மாணவருக்கு இதில் என்ன வேலை?

வழக்கம் என்பது கதை மட்டுமல்ல, உயிரும் அதில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். அதைப் படித்த எலக்ட்ரிக்கல் மாணவன் எவனும் தேரின் உச்சியைப் பார்க்காமல் கும்பிட முடியாது.

ஆகவே மெக்கானிக்கல் தோழர்கள் தேரின் அச்சு, சக்கரம் பற்றிய சோதனைச் சான்று ஏதும் உண்டா என்று கேட்கலாம். சிவில் தோழர்கள் தேர் ஓடும் தெருவின் பராமரிப்பு வேலை மதிப்பீட்டைக் கேட்கலாம். எலக்ட்ரிக்கல் தோழர்கள் தேர் நாளன்று எந்தெந்த லைனை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்ற பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். "அப்படி ஒரு பதிவேடு இல்லை" என்று பதில் வந்தால் அதுவும் பெரிய தகவல்தான்! அடுத்த ஆடிக்குள் அதை உண்டாக்கச் சொல்லிப் பஞ்சாயத்தைக் கேட்க அந்த ஒரு வரி போதும்.

"சாமி விஷயத்துல மனு போடலாமாப்பா?" என்று வீட்டில் கேட்பார்கள். அம்மனை யாரும் கேள்வி கேட்கவில்லை. கடலில் வலை வீசிய மீனவர் கையில் மரக்கட்டை கிடைத்தது, அதைப் பிளக்கப் போனபோது ரத்தம் கசிந்தது என்று ஊர் சொல்லும் கதை எந்தக் கோப்பிலும் இருக்காது. அதற்குப் பாட்டிமார்களிடம்தான் போகணும். கோப்பு சொல்வது வேறு: யார் அழைத்தார், யார் செலவு செய்தார், யார் காவல் நின்றார். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு திருவிழாவின் முழு வரலாறு கிடைக்கும். தனிமனிதர்களின் சொந்த விவரம் கேட்காதீர்கள். சட்டமும் தராது, நமக்கும் அது வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் மனு என்றால் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று நிற்பதுதான். எங்க அப்பாவுக்குப் பத்து ரூபாயில் பதில் வாங்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் காகிதத்தில் "பணிவுடன் வேண்டுகிறேன்" என்று எழுதவேண்டிய அவசியம் இல்லை. "தேவை" என்று எழுதினால் போதும். படித்த படிப்பு வேறெதற்கு உதவாவிட்டாலும் இந்த ஒரு சொல்லை எழுத உதவினால் அதுவே லாபம்.

தோழர்களே! தேர் ஒருவர் இழுத்து நகராது. வரும் ஆடிக்குள் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு விண்ணப்பம் போடுவோம். நம் ஊர் எதுவோ அந்த ஊர்த் திருவிழா பற்றி, வில்லியனூர்த் தேராக இருந்தாலும் சரி, மாசிமகத் தீர்த்தவாரியாக இருந்தாலும் சரி. வந்த பதில்களை அடுத்த ஆண்டு மலரில் அப்படியே அச்சிடுவோம். வடத்தின் முதல் பிடி ஆளுநருக்கே இருக்கட்டும். அதற்குப் பின்னால் உள்ள காகிதத்தில் ஒரு பிடி நமக்கும் உண்டு!