அந்தமானில் குடித்தனம்

கேள்வி: கணவருக்கு அந்தமானுக்கு மாற்றல். ஏரியும் நெல்வயலுமாக வளர்ந்த எனக்கு அந்தத் தீவு ஒத்துவருமா?
– வாசகி, ஏனாத்தூர்

பதில்: நிச்சயம் ஒத்துவரும், அம்மா. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். முருகன் கோயிலும் உண்டு. கடைவீதிக்கு இந்தி கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பைக் குழப்புவது பொழுதுதான். கடிகாரம் நம்முடையதே, ஆனால் காலை ஐந்து, ஐந்தரைக்குள் விடிந்து, மாலை ஐந்தரை வாக்கில் இருட்டிவிடும். சமையலை, தூக்கத்தை அதற்கேற்ப முன்னே தள்ளுங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

மே முதல் டிசம்பர் வரை மழை. ஆனால் கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு, டிரம்மில் பிடித்துவையுங்கள். காய்கறியில் கணிசமான பகுதி கப்பலில் வருவதால் விலை கூடுதல். ஊரிலிருந்து கீரை விதை முடிந்து எடுத்துச் செல்லுங்கள், பின்கட்டில் தூவலாம்.