சங்கு ஊதும் முன்னே: அணு ஆராய்ச்சி நிலையச் சோதனையும் உங்கள் குடும்பமும்



கூரை வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்கள் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பார்கள். தீ பிடித்தே தீரும் என்று நினைத்தா வைக்கிறார்கள்? இல்லை. பிடித்தால் கைக்கு எட்ட வேண்டும் என்றுதான். அந்தக் குடம் நிறைந்திருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை.

செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில் 1971-இல் அணு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அங்குள்ள சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதே வளாகத்தில் அணுமின் நிலையமும் உள்ளது. கதிர்வீச்சு காரணமாகச் சுற்றுக் கிராம மக்களை வெளியேற்ற வேண்டிய நிலை அங்கு இதுவரை வந்ததில்லை. ஆனாலும், வந்தால் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் உண்டு. அந்தத் திட்டம் வேலை செய்யுமா என்று பார்க்கச் சோதனையும் ஒத்திகையும் உண்டு. “இதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, நமக்கென்ன?” என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சோதனையின் கடைசிப் படி உங்கள் வீட்டு வாசற்படிதான்.

யார் சோதிக்கிறார்கள்?

அணு நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிப்பதற்கென்று 1983 நவம்பரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. அவசரகாலத்தை மூன்று அளவாகப் பிரித்திருக்கிறார்கள்.

1. உலைக் கட்டடத்துக்குள் அடங்குவது.
2. வளாகத்துக்குள் அடங்குவது.
3. வளாகத்தைத் தாண்டி ஊருக்குள் வரக்கூடியது.

முதல் இரண்டையும் நிலைய அதிகாரிகள் கவனிப்பார்கள். மூன்றாவதற்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சித் தலைவர். சுற்றிலும் 16 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களுக்குத் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. ஊர் மக்களையும் சேர்த்து நடத்தும் ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்தப்பட வேண்டும்.

எதைச் சோதிக்கிறார்கள்?

வளாகத்துக்குள்: சங்கு ஒலிக்கிறதா? கதிர்வீச்சை அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா? காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று உடனே தெரிகிறதா? மின்சாரம் நின்றால் டீசல் என்ஜின் ஓடுகிறதா? மாத்திரைகளின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா? போன் நம்பர் பட்டியலில் இருப்பவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறாரா, மாற்றலாகிப் போய்விட்டாரா?

ஊருக்குள்: ஒலிபெருக்கி கடைசித் தெரு வரை கேட்கிறதா? பஸ் குறித்த இடத்துக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது? தங்க வைக்கும் பள்ளிக்கூடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா? ஒரு சாலை அடைபட்டால் வேறு வழி எது?

இந்தக் கடைசிக் கேள்வி வீண் கேள்வியல்ல. 26-12-2004 அன்று சுனாமி வந்தபோது கல்பாக்கம் வளாகத்துக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஆபத்து நாம் நினைத்த வழியிலேயே வரும் என்பதில்லை.

கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஏன் முதலிடம்?

உலை விபத்தில் வெளிவரக்கூடிய பொருள்களில் ஒன்று கதிரியக்க அயோடின். அது காற்றில் வந்து புல்லில் படியும். புல்லை மாடு மேயும். பாலைக் குழந்தை குடிக்கும். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதை இழுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி சிறியது; ஆகவே பாதிப்பு பெரியது. வயிற்றில் வளரும் சிசுவுக்கும் இது பொருந்தும்.

26-4-1986 அன்று சோவியத் நாட்டில் செர்னோபில் அணு உலை வெடித்தது. சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றில் குழந்தைகள் வழக்கம்போல் பால் குடித்தார்கள். அப்போது சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பாலே காரணம் என்று கருதப்படுகிறது. பக்கத்து நாடான போலந்தில் சில நாட்களுக்குள் 1 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்துவிட்டார்கள். பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் பாலையும் கட்டுப்படுத்தினார்கள்.

நல்ல அயோடினை மாத்திரையாக முன்கூட்டியே கொடுத்தால் சுரப்பி நிறைந்துவிடும். கெட்டதற்கு அங்கே இடம் இருக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் பெரும் பயன் இல்லை. ஆகவே எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத பெண்

ஓர் ஒத்திகையில் சுகாதாரக் குழுவுடன் நானும் போயிருந்தேன். செவிலியரின் பட்டியல்படி எல்லா வீடும் சரியாக இருந்தது. திரும்பும்போது ஒரு திண்ணையில் நிறைமாதப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“நீ எந்த வீடும்மா? உன் பேரு இதுல இல்லையே?”

“தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கேங்க. பதிவெல்லாம் அவங்க ஊர்லதான்.”

கணவன் ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தது; ஆள் இல்லை. தாய் வீட்டில் ஆள் இருந்தாள், பெயர் இல்லை. அவளுக்கு மாத்திரையும் எண்ணப்படவில்லை, பஸ்ஸில் இடமும் எண்ணப்படவில்லை. அன்று சங்கு நன்றாக ஊதிற்று, பஸ் நேரத்துக்கு வந்தது. ஆனாலும் சோதிக்க வந்தவர் முதலில் எழுதிக்கொண்டது இந்தக் குறையைத்தான்.

கணவன் மனைவி இருவரும் செய்ய வேண்டியவை

1. வளைகாப்பு முடிந்து தாய் வீடு போனால், போன வாரத்திலேயே அந்த ஊர்ச் செவிலியரிடம் பிக்மி எண்ணைக் காட்டிப் பெயர் கொடுங்கள். கணவர்மார்களே, இது உங்கள் பொறுப்பும்கூட.

2. ஒத்திகையில் “ஒலிபெருக்கி கேட்டுச்சா?” என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மரியாதைக்காக “கேட்டுது சார்” என்று சொன்னால் உங்கள் தெரு செவிட்டுத் தெருவாகவே இருந்துவிடும்.

3. உண்மையாகவே அறிவிப்பு வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவு சன்னலைச் சாத்துங்கள். கிணற்றையும் குடத்தையும் மூடுங்கள். மாட்டைக் கொட்டகையில் கட்டி, மூடி வைத்த வைக்கோலைப் போடுங்கள். வெளியில் இருந்து வந்தவர் உடுப்பை மாற்றிக் குளிக்கட்டும்.

4. பாலும் கீரையும் அதிகாரிகள் அனுமதிக்கும் வரை வேண்டாம். தாய்ப்பால் பற்றிச் செவிலியர் சொல்படி நடங்கள்.

5. அயோடின் மாத்திரையைச் சொன்னபோது, சொன்ன அளவு மட்டும் சாப்பிடுங்கள். உப்பை அதிகம் சேர்ப்பதால் பயன் இல்லை. புண்ணுக்குப் போடும் டிங்ச்சரைக் குடிப்பது விஷம்.

6. சொல்லாமல் ஓடாதீர்கள். காற்றின் திசை தெரியாமல் ஓடினால் ஆபத்துக்குள்ளேயே போய் விழலாம்.

ஒத்திகை நாளில் வயல் வேலை ஒரு மணி நேரம் தடைப்படலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் கண்ட குறையைத் திருத்திக்கொள்ளலாம். விபத்து நாளில் கண்ட குறையைத் திருத்த நேரம் இராது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், பெயர் பட்டியலில் உள்ளதா என்று இன்றே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.