இப்னு பதூதாவும் நமது கடலும்

யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் காற்றுக்குப் பெயரிட்டே கடலை அறிந்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை; தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம்; கிழக்கிலிருந்து கொண்டல்; மேற்கிலிருந்து கச்சான். ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்கும் காலத்தில் காற்று ஒரு நிலையில் நில்லாது. பாய்க்கப்பலுக்கு அதுவே சோதனைக்காலம்.

காற்றின் போக்கை அனுபவித்து எழுதியவர்களில் ஒருவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து தமிழகத்தின் மஃபர் கரையை நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பல் திசைமாறி இலங்கையை அடைந்தது. அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், முத்துக்களை அன்பளித்து, பாவா ஆதம் மலைக்குத் துணையாட்களுடன் தம்மை அனுப்பினார் என்றும் அவரது பயணநூல் கூறுகிறது.

பின்னர் அவர் மஃபருக்கு மீண்டும் கப்பலேறினார். தூரம் குறைவுதான். ஆயினும் காற்று வலுத்தது; கப்பலுக்குள் நீர் புகுந்தது. வழியறிந்த மாலுமியும் இல்லை. பாறைகளுக்குத் தப்பிய கப்பல் ஆழமற்ற இடத்தில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிப் பொருட்களைக் கடலில் எறிந்தனர். மரங்களால் மிதவை கட்டினர். இப்னு பதூதா தம் தோழர்களை முதலில் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியில் தங்கினார். காலையில் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டனர்.

செங்கடலிலும் ஆபிரிக்கக் கரையோரத்திலும் கப்பலோடியவர் அவர். அவரது உயிருக்கு ஆபத்து நேர்ந்ததோ நமது சிறிய கடலில்! ஆழக்கடலில் ஒதுங்கிச் செல்ல இடமுண்டு. மணற்திட்டும் பாறையும் நிறைந்த கடலில் காற்று மாறினால் இடமில்லை. ஆகவே இங்கு தூரத்தைவிட வழியறிவே பெரிது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உபசரித்த அரசரும் மீட்ட மக்களும் அவரது மார்க்கத்தினர் அல்லர். அந்த உதவியை அவர் மறக்காமல் எழுதிவைத்ததாலேயே நாம் இன்று அறிகிறோம்.